சவாரித் தம்பர் எப்படிக் கதைத்திருப்பார்?

என் பெறாமகளுக்கு ஆறு வயது. கொக்குவிலில் பிறந்து, கொக்குவிலைத் தாண்டி அதிகம் போகாதவள். போன மாதம் ஒரு நாள் இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இது வேணாம், ரொம்ப போர் அடிக்குது, வேற ஏதாச்சும் குடுங்க" என்றாள். அவளுடைய அப்பம்மா, அதாவது என் அம்மா, என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் "ரொம்ப" சொல்வதில்லை. "சரியான" என்போம், "கனக்க" என்போம். "குடுங்க" என்பதும் இல்லை, "தாங்கோ" தான். எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. முன்னால் ரிவியில் ஒரு நாயும் இரண்டு பெடியன்களும் அதே தமிழில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு நாள் கார்ட்டூன் பூனை ஒன்று எலியைப் பார்த்து, "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றது. "பாவம், அது என்ன செய்தது? ஏன் பேசப்போறார்?" என்று அம்மா கேட்டார். யாழ்ப்பாணத்தில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. பேசினால் அது ஏச்சு. எங்கள் ஊர்க் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித் தம்பர் ரிவியில் வந்திருந்தால் எப்படிக் கதைத்திருப்பார் என்று யோசித்தேன்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. காதில் விழுவதைப் பிள்ளைகள் பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூனைக்குள் ஒரு ஆள் இருக்கிறார். சென்னையில் ஏதோ ஒரு குளிரூட்டிய அறைக்குள் நின்று, காலையில் பூனையாகவும் மாலையில் தொடர் நாடகத்து வில்லனாகவும், இடையில் சவர்க்கார விளம்பரமாகவும் உழைக்கிற ஆள். 2007 ஏப்ரலில் சுட்டி ரிவி தொடங்கிய பிறகு நாள் முழுக்கத் தமிழில் கார்ட்டூன் ஓடத் தொடங்கியது; அந்த வேலையின் அளவும் கூடியது. 2019இல் 'லயன் கிங்' தமிழில் வந்தபோது அரவிந்த் சுவாமியும் சித்தார்த்தும் ரோபோ சங்கரும் குரல் கொடுத்தார்கள், சுவரொட்டியிலேயே பெயர் வந்தது. தினமும் பின்னேரம் வீட்டுக்குள் வந்து போகிற பூனையின் குரலுக்கு அப்படிப் பெயர் எதுவும் கிடையாது.

இந்தத் தொழிலை விளங்கிக்கொள்ள ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க கார்ட்டூன்களில் குரல் முந்தி, படம் பிந்தி. நடிகர் முதலில் வசனத்தைப் பேசிப் பதிவு செய்வார். அந்த ஒலியை நொடிக்கு 24 துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எந்த எழுத்து வருகிறது என்று தாளில் குறித்து, அதற்கேற்ப ஓவியர் வாயை வரைவார். நடிகர் மூச்சு வாங்கினால் பாத்திரமும் மூச்சு வாங்கும். யப்பானில் பெரும்பாலும் படத்துக்கு மேல் குரல் போடுவார்கள். ஓவியம் பாதி முடிந்த நிலையில்கூடப் பதிவு நடக்கும். எங்களுக்கு வந்து சேரும் டப்பிங்கில் எல்லாமே முடிந்துவிட்டது. வாய் ஏற்கெனவே வேறு மொழியில் அசைந்தாயிற்று. அந்த அசைவுக்குள் தமிழை நுழைக்க வேண்டும். அந்த வேலையில் பாதியைச் செய்பவர் வசனம் எழுதுகிறவர். அவருக்குப் புகழ் இன்னும் குறைவு.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். "கம் ஓன், லெட்ஸ் கோ!" எந்தக் கார்ட்டூனிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். நான்கு அசை. "கம்" முடியும் இடத்தில் உதடு மூடும். "கோ" என்ற கடைசி இடத்தில் உதடு குவிந்து நிற்கும். சென்னையில் இதை "வாங்க, போலாம்!" என்பார்கள். நான்கு அசை சரி. பேச்சில் அந்தக் கடைசி "ம்" மூக்கோடு கரைந்துவிடுவதால் உதடு மூடாது, அதனால் தப்பும். எங்கள் வழக்கில் அப்படியே மாற்றி "வாங்கோ, போவம்!" என்று போட்டால் உதைக்கும். நாங்கள் அந்த "ம்"மை உதட்டை மூடித்தான் முடிப்போம். திரையில் வாய் குவிந்து திறந்திருக்கும். சரி, திருப்பிப் போடுங்கள்: "போவம், வாங்கோ!" இப்போது "கம்" மூடுகிற இடத்துக்குக் கிட்ட "போவம்" மூடுகிறது. "கோ" வருகிற இடத்தில் "கோ"வே வந்து நிற்கிறது. ஆங்கில வாயில் யாழ்ப்பாணத் தமிழ் இவ்வளவு பொருந்தும் என்று முதல் தடவை பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. இப்படி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான வரிகள். ப, ம வருகிற இடம் தப்பினால்தான் பார்ப்பவருக்கு உறுத்தும். மற்ற எழுத்துகளைக் கண் மன்னித்துவிடும்.

குரல் கொடுப்பவருக்கு வேண்டியது இனிமையான குரல் என்று பலர் நினைக்கிறார்கள். இனிமை அறிவிப்பாளருக்கு வேண்டும். இவருக்கு வேண்டியது மாறும் தன்மை, அதைவிட முக்கியமாக, மாறிய குரலை மூன்று மாதம் கழித்தும் அப்படியே திரும்பப் பிடிக்கும் நினைவு. சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பதற்கும் இதுவே காரணம்: பெடியனை வைத்துப் பதிந்தால் இரண்டு வருடத்தில் குரல் உடைந்துவிடும். அமெரிக்கக் கார்ட்டூன் பெடியன் பார்ட் சிம்சனுக்குக் குரல் நான்சி கார்ட்ரைட் என்ற பெண். தெரிவுக்குப் போனது தங்கை லீசாவின் பாத்திரத்துக்கு; கேட்டு வாங்கியது அண்ணனின் பாத்திரத்தை. 1936இல் பிறந்த மசாக்கோ நொசாவா 1986 முதல் 'டிராகன் போல்' என்ற யப்பானியக் கார்ட்டூனின் நாயகன் கொக்குவுக்குக் குரல் கொடுத்து வருகிறார். டோரேமோன் பூனைக்கு 1979 முதல் 2005 வரை குரலாக இருந்தவர் நொபுயோ ஓயாமா. நடிகைக்கு வயது போனால் வாய்ப்புக் குறையும் என்ற சினிமா விதி இங்கே செல்லாது. தொண்டை இருக்கும் வரை வேலை இருக்கிறது. தொண்டை போனால் அன்றோடு சரி.

இந்தத் தொழிலின் முன்னோடிகள் பலர் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் ஒரே இடத்தைக் காட்டும்: வானொலி. பக்ஸ் பனி முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் வானொலி நகைச்சுவையில் பழகியவர். 1940களில் அவர் சம்பள உயர்வு கேட்டார். தயாரிப்பாளர் மறுத்து, பதிலுக்குப் பெயரைத் திரையில் போடச் சம்மதித்தார். காசைவிடப் பெயர்தான் அவருக்குப் பிறகு வேலை தேடித் தந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1937இல் வந்த 'ஸ்னோ வைட்' படத்தில் நாயகிக்குக் குரல் கொடுத்த பெண்ணின் பெயர் திரையிலேயே இல்லை. பிறகு 1957இல் ஹனா-பார்பரா நிறுவனம் வந்தது. தொலைக்காட்சிக்காரர் தரும் காசுக்கு முழுதாக வரைந்து கட்டாது. நொடிக்கு 12 ஓவியம் வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720. ஆகவே உடம்பை அசையாமல் வைத்து, தலையை மட்டும் மாற்றினார்கள். யோகி கரடியின் கழுத்தில் கொலரும் டையும் இருப்பது அழகுக்கு அல்ல. தலையை வேறாக வரைந்து ஒட்டும் வெட்டுத் தெரியாமல் இருக்க. படம் அசையாத இடத்தில் கதையைத் தூக்க வேண்டியது குரல். இந்த வகைக் கார்ட்டூனைப் பழைய கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் "படம் போட்ட வானொலி" என்று கேலி செய்தார்.

அவர் கேலியாகச் சொன்னது எனக்கு ஒரு வழிகாட்டலாகவே படுகிறது. ஏனென்றால் வானொலி எங்களிடம் இருந்தது. கொழும்பில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ்க் குரல்களுக்குக் கடல் கடந்தும் ரசிகர்கள் இருந்தார்கள், மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று பெயர் சொன்னாலே இன்னும் ஒரு தலைமுறை நிமிர்ந்து உட்காரும். 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ராமதாஸ் மரிக்காராக முஸ்லிம் வழக்கில், ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாண வழக்கில், செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழில், அப்துல் ஹமீத் ஐயராக. முகம் இல்லை, நான்கு குரல்கள், நான்கு தமிழ். கேட்ட மாத்திரத்தில் ஆளைத் தெரியும். கார்ட்டூன் குரல் நடிப்பு என்பது இதுதான். 1976இல் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். கார்ட்டூனாக எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் வசதி இருந்திருக்காது.

1982 பெப்ரவரியில் ரூபவாகினி வந்தது. சிங்களத்தில் டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைப்பட இயக்குநர் டப்பிங் பிரிவைக் கையில் எடுத்தார். பக்ஸ் பனி "ஹா ஹா ஹரி ஹாவா" ஆனது. தெற்கில் இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். முயலை மொழிபெயர்க்காமல் ஊர்க்காரனாகவே ஆக்கிவிட்டார். அடுத்த வருடம் 1983. அதற்குப் பிறகு தமிழ்க் கலைஞர்கள் எங்கெங்கே சிதறினார்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. 1990 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். நானும் சுற்றியிருக்கிறேன், செய்தி முடியும் வரை கையை மாற்றக்கூடாது, குரல் இழுபடும். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் என்பது யாரோ ஜெனரேற்றர் பிடித்துப் படம் போடும் இரவில் தற்செயலாகக் கிடைத்தால் உண்டு. அமெரிக்காவிலும் யப்பானிலும் வானொலிக்காரர் கார்ட்டூனுக்குள் நடந்து போன அந்தப் பாலம் எங்களுக்கு இப்படித்தான் அறுந்தது.

இனி வரைபவர்கள் பக்கம். 1924இல் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் ஈரோட்டுப் பக்கம் பிறந்த கே. சி. சிவசங்கரன், 'அம்புலிமாமா' வாசகருக்கு சங்கர். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த கை அது. 1952இல் நிறுவனத்தில் சேர்ந்து, மாதச் சம்பளத்துக்குப் பல பத்தாண்டுகள் வரைந்தார். 2020இல் காலமானார், மறுவருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மற்றவர் கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம். மும்பைக்குப் படிக்கப் போன இடத்தில் கார்ட்டூன் பழகி வந்தவர். தினகரன் பத்திரிகையில் 'சவாரித் தம்பர்' வரைந்தார். பிறகு 1960களில் 'சிரித்திரன்' என்று சொந்தமாகவே ஒரு சஞ்சிகை தொடங்கினார். "செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்" என்பது அதன் மகுடம். தம்பர், மிஸஸ் டாமோடரன், மெயில்வாகனத்தார் எல்லாரும் அவருடைய பிள்ளைகள். 'மகுடி' என்ற பெயரில் கேள்வி பதிலும் அவரே. 1996இல் இறந்த பிறகும் மக்கள் அவரைச் 'சிரித்திரன் ஆசிரியர்' என்றே சொல்கிறார்கள்.

இந்த இரண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் முக்கியமான கேள்வி தெரியும். ஒருவருக்கு மாதம் முடியச் சம்பளம் வந்தது. வேதாளம் அவருடையது அல்ல. மற்றவருக்குத் தம்பர் சொந்தம். அச்சுக்கூலியும் கடதாசி விலையும்கூடச் சொந்தம். எது மேல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் எதைத் தெரிவு செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். சுப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்கள் 1938இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு பல வருடம் வழக்கு.

அவ்வளவு பெரிய கதை இல்லை என்றாலும் எனக்கும் ஒன்று இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன், ஒரு சிற்றுண்டிப் பைக்கற்றுக்கு ஒரு கோழிக்குஞ்சு வரைந்து கொடுத்தேன். தலையில் பனையோலைத் தொப்பி. ஒரு தடவைக்கான காசு கைக்கு வந்தது, கடிதம் எதுவும் இல்லை. பிறகு அந்தக் குஞ்சு ஓட்டோவின் பின்னால் வந்தது, கலண்டரில் வந்தது, ஒருநாள் பலூனாகக் காற்றடித்துக் கடை வாசலில் ஆடிக்கொண்டு நின்றது. தொப்பியை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதுதான் கூடக் கோபம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியத்துக்கான பாதுகாப்பு வரைந்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவரை வருமான உரிமை முதலாளிக்கு. வாயால் பேசி முடித்த வேலையில் யார் பக்கம் எது என்று நிறுவுவதற்குள் குஞ்சு கோழியாகிவிடும். ஒரு தாளில் நாலு வரி: எதற்கு, எத்தனை காலத்துக்கு, மாற்றலாமா, பெயர் வருமா. குரல் கொடுப்பவருக்கும் இதே நாலு வரிதான்.

யாழ்ப்பாணத்தில் பிள்ளை ஒன்று இந்தப் பக்கம் வர விரும்பினால் வழி இல்லாமல் இல்லை. பாடசாலையில் சித்திரம் ஒரு பாடம், நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம், உயர்தரத்திலும் எடுக்கலாம். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக வளர்ந்தது இன்று பல்கலைக்கழகத்தில் தனிப் பீடம். மாற்கு மாஸ்ரரின் மாணவர்கள், அவர்களுடைய மாணவர்கள் என்று ஓவியத்தில் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் சிறுவர் நாடகங்களும் மேடையில் மிருகங்களைக் கதைக்க வைத்தன. சிக்கல் வழியில் இல்லை, போய்ச்சேரும் இடத்தில். இரண்டு பாடமும் கடைசியில் ஒரே வாசலில் முடியும்: ஆசிரியர் நியமனம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" என்கிற ஊர்; கோறணமேந்து என்றால் அரசாங்கம். வரைகிற பிள்ளையும் நடிக்கிற பிள்ளையும் அடுத்தடுத்த வகுப்பறையில் இருந்தும் ஒரே மேசைக்கு வருவதில்லை. கார்ட்டூன் என்றால் அந்த மேசைதான்.

நியமனத்துக்குக் காத்திருக்காதவர்கள் வீட்டு அறைகளில் வேலை செய்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கான காணொளி, யூரியூப் கதை சொல்லல், கலியாண அல்பம், கடைப் பனர், வெளிநாட்டுக்காரருக்குப் பாத்திர வடிவமைப்பு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு, அதிகாலை இரண்டு மணிக்குப் பதிவு செய்வார். பகலில் காகம், மீன்காரர், பக்கத்து வீட்டு வாட்டர் பம்ப். கோயில் திருவிழாக் காலத்தில் இரவும் கிடையாது. நல்லூருக்கு 25 நாள் என்றால் அவருக்கு 25 நாள் விடுமுறை. கருவி ஒரு தடை என்று இப்போது சொல்ல முடியாது. பிளெண்டர் மென்பொருள் இலவசம். அதிலேயே செய்த லத்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' 2025இல் ஒஸ்கார் வாங்கியது. அந்தப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை என்பது வேறு கதை. காசு வந்து சேர்வதுதான் தலையிடி. பேபால் வழியாக இலங்கைக்குள் பணம் பெறும் வசதி நெடுங்காலம் இல்லாததால் பலர் பயோனியர் என்ற வேறொரு சேவையைப் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் முதல் இப்படி வெளிநாட்டிலிருந்து வரும் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு, உச்சம் நூற்றுக்கு 15.

பெரிய ஸ்ரூடியோவுக்குப் போய்விட்டால் பாதுகாப்பு என்றும் நம்ப முடியவில்லை. 'லைஃப் ஒஃப் பை' படத்தில் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் வங்குரோத்து. அதே மாதம் அதே புலிக்காக ஒஸ்கார். 2025 பெப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் விழுந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கிழமையில் வேலை இழந்தார்கள்.

குரலுக்கு வேறு பயம். 2022இல் 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடரின் குரலை, அந்தக் குரலுக்குரிய நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் சம்மதத்தோடு கணினியே உருவாக்கியது. அவரிடம் கேட்டார்கள், அவர் ஓம் என்றார். கேட்காமல் எடுப்பார்கள் என்பதுதான் 2024 ஜூலையில் அமெரிக்காவில் வீடியோ கேம் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குக் காரணம். ஏறக்குறைய ஒரு வருடம் நீண்டது. எங்கள் பேச்சு வழக்குக்கு இயந்திரம் இன்னும் நன்றாக வரவில்லை. "வாங்கோ" என்று எழுதிக் கொடுத்தாலும் சென்னை இழுப்பில்தான் வாசிக்கிறது. யாழ்ப்பாணக் குரல்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய சிரித்திரன் இதழ் ஒன்றைத் திறந்து, தம்பர் வருகிற ஒரு பக்கத்தை மடிக்கணினியில் பெரிதாக்கி வைத்தேன். அந்தத் தம்பியும் வந்திருந்தார். போர்வைக்குள் கைபேசியோடு புகுந்து, தம்பரின் வரிகளை மூன்று விதமாகச் சொன்னார்: ஒன்று கரகரப்பாக, ஒன்று மூக்கால், மூன்றாவது வெற்றிலை போட்ட வாயால், மெதுவாக. நான் மூன்றையும் படத்தோடு சேர்த்து ஓட விட்டேன். வாய் அசையவில்லை, கண்ணிமை மட்டும் இரண்டு தடவை மூடித் திறந்தது. பெறாமகள் பின்னால் வந்து நின்று பார்த்தாள். மூன்றாவது குரலுக்கு நிமிர்ந்தாள்.

"சித்தப்பா, காட்டூனில இவர் ஏன் அம்மப்பா மாதிரிக் கதைக்கிறார்?"